ஊமை வளையலும் என் காதும்

ஈப்போ
அட்சய வருஷம், ஆவணி மாதம் 12

காம்பார் மளிகைக் கடை வீட்டில் சகல சௌக்கியத்தோடும் இருக்க வேண்டிய சம்பந்தியம்மாள் கருப்பம்மாள் அவர்களுக்கு, வள்ளிக்கண்ணு கைகூப்பி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் காது நீங்கலாக. அங்கே உங்கள் எல்லாருக்காகவும், என் மகள் அஞ்சலையின் வயிற்றுப் பிள்ளைக்காகவும் வெள்ளிதோறும் விளக்குப் போட்டு வருகிறேன்.

அன்று வளைகாப்பில் உங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நீங்கள்; உங்கள் வீட்டுக்காரர் பிச்சைமுத்து அண்ணன், வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே; மணையில் அஞ்சலை; வளையல்காரர் அப்பாவு; உங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர், அதில் ஒருத்தி தூங்கிவிட்டதால் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை; பிறகு நான். இத்தனை பேர் முன்னால் நடந்ததை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

கீறல் விட்ட கண்ணாடி வளையல் பிள்ளைத்தாய்ச்சி கையில் ஏறக் கூடாது என்பதால், எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தேன். முதல் கட்டில் ஒரு வளையலும் சத்தம் போடவில்லை. எல்லாம் கீறல் என்று ஒதுக்கினேன். இரண்டாம் கட்டும் அப்படியே, மூன்றாம் கட்டும் அப்படியே. அப்பாவு தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, இருபது வருசமா வளையல் விக்கிறேன், ஊமை வளையல்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்" என்றார். நீங்கள் ஒரு வளையலை வாங்கித் தட்டினீர்கள். மற்ற எல்லாரும் கேட்கிறது என்று தலையாட்டினார்கள். "வளையல்ல ஒரு கோளாறும் இல்ல, சம்பந்தியம்மா காதுலதான் இருக்கு" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிள்ளை அழுதா எந்திரிக்க ஆள் வேணும்லா, தலைப்பிரசவம் இங்கேயே நடக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டீர்கள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள் வெறும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலேறினேன்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருந்தது, அழுது தீர்த்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கேட்கிறதா இல்லையா என்று மற்றவர்கள் சொல்லி நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? நானே சோதித்து எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று, அரிசி பருப்புக் கணக்கு எழுதும் நோட்டில் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் எங்கள் வீட்டுக்காரரின் பைக் கடிகாரம். அதை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டு இருளாயியைக் கூப்பிட்டு, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தோம். எனக்குக் காதோடு ஒட்டி வைத்தாலும் ஒன்றும் இல்லை. இருளாயி ஆறடி போய், "நல்லாக் கேக்குதுக்கா, டிக்டிக்குன்னு" என்றாள். வாசல் வரைக்கும் போய் அங்கேயும் கேட்கிறது என்றாள். நான் மனம் உடைந்து அப்படியே எழுதிக்கொண்டேன். சாயந்திரம் வேலை விட்டு வந்த எங்கள் வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "சாவி கொடுக்காம இது நின்னு ஒரு வாரமாச்சே, சும்மா ஜம்பத்துக்குத்தானே பையில போட்டிருக்கேன்" என்றார். இருளாயியிடம் போய்க் கேட்டேன். "நீங்க ஆசையாக் கேட்டீங்க, இல்லைன்னு சொன்னா மனசு நோகுமேன்னு சொன்னேன்" என்கிறாள். யார் மனசு நோகும் என்று அவளுக்கும் தெரியவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து மறுபடி சோதித்தோம். அவளுக்கு உண்மையாக மூன்றடி. எனக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நான்கு நாளில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஈயச் சுரங்கத்து எந்திரம், கோயில் பெரிய மணி, மாட்டு வண்டி, எங்கள் வீட்டுக்காரர் குறட்டை எல்லாம் குறைவில்லாமல் கேட்கின்றன. பூசையில் ஆட்டும் கைமணி கேட்கவில்லை. ஆட்டுகிற கை தெரிகிறது, அதை வைத்தே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சில்வண்டு அடியோடு இல்லை. போன வருஷம் கொசுவுக்காகச் சாக்கடையில் எண்ணெய் ஊற்றினார்கள் அல்லவா, அதில் பாவம் சில்வண்டுகளும் செத்துப்போயின என்று நம்பி, அந்த உயிர்களுக்காக ஒன்பது வாரம் தீபம் போட்டேன். அவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன என்று இருளாயி சொல்கிறாள். இந்தத் தடவை பொய் இல்லை, நானே மாடத்தடியில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். இறக்கை அடித்துக்கொள்கிறது, சத்தம் இல்லை. ஆட்கள் பேசினால் பேசுகிறார்கள் என்று தெரிகிறது, சொல் பிரிவதில்லை. புள்ளியே வைக்காமல் எழுதின பழைய ஏட்டைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. எழுத்துக்கூட்டித் தானாகப் படித்தவள் நான், ஏட்டைப் படித்த மாதிரி இதையும் இடம் பார்த்துப் படித்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வி பிள்ளை அழுகையைப் பற்றியது. அதற்காகச் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே பால்வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் என் ஒன்றுவிட்ட தங்கை மாரியம்மாதான் ஆயா. பதினாலு பிள்ளைகள் இருந்தார்கள். நான் போன அன்று பார்த்துப் பதினாலும் தூங்கின. வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். மாரியம்மா பொறுக்க முடியாமல், "ஒண்ணக் கிள்ளி விடவா அக்கா? எப்படியும் அழுகப் போறதுதானே" என்றாள். அந்தப் பாவத்துக்கு எத்தனை தீபம் போடுவது? வேண்டாம் என்றேன். கடைசியில் ஒருவன் தானாகத் தொடங்கினான், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிரையோரம் மரத்தை எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினெட்டாம் மரம் வரைக்கும் கேட்டது. மாரியம்மாவுக்கு இருபத்திரண்டு. நாலு மரந்தான் வித்தியாசம், சம்பந்தியம்மா! எங்கள் வீட்டில் தூளிக்கும் என் பாய்க்கும் நடுவில் ஒரு மரம்கூட நட முடியாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அருளம்பலம் ஐயாவையும் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பொய் சொல்லத் தெரியாத முகம். "நீங்கள் செவிடில்லை அம்மா. கீச்சுச் சத்தம் பிடிக்கிற பக்கம் மட்டும் தேய்ஞ்சு போச்சுது. அதுக்கு மருந்தில்லை. கதைக்கிற ஆட்களை முகத்துக்கு நேரே நிண்டு கதைக்கச் சொல்லுங்கோ" என்றார். மருந்து இல்லை என்றதும் நிம்மதியாகிவிட்டது. இனி அலைய வேண்டாம், வேண்டிய ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

ஏற்பாடு இது. தூளியில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை என் கால் கட்டைவிரலில் முடிந்துகொள்வேன். பிள்ளை அசைந்தால் அழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பழக்கத்துக்காக மத்தியானத் தூக்கத்தில் தூளிக்குள் ஒரு பூசணிக்காயைப் போட்டுப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்து தூளியை ஆட்டிவிட்டு, "பாட்டி எந்திரிச்சிட்டாளா?" என்று பூசணிக்காயைக் கேட்கிறார். ஏழு தடவை ஆட்டினார், ஏழு தடவையும் எழுந்தேன். எட்டாம் தடவை எழுந்து அவரை அடித்தேன்.

ஆகையால் சம்பந்தியம்மா, மூன்று கட்டு வளையலை வீணாகக் குறை சொன்னதற்கு உங்களிடமும் அப்பாவுவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சலைக்கு இது முதல் பிரசவம், வாய்விட்டு எதுவும் சொல்லாத பெண். வலி வந்தால் அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், அதற்குக் காது தேவையில்லை. அவளை என்னிடம் அனுப்பி வைக்க வேண்டும். உங்கள் வீட்டு நெல்லும் சொல்லும் நிறைந்திருக்க அம்மன் துணை. பிச்சைமுத்து அண்ணனுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டார். திரும்பினால், அஞ்சலை மூட்டையோடு நிற்கிறாள், கூடவே மாப்பிள்ளை. நான் பூசணிக்காய்ப் பக்கம் எழுதத் தொடங்கியதிலிருந்து இருவரும் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். நீங்கள் அனுப்பித்தான் வந்தார்களா, உங்களிடம் சொல்லாமல் ரயிலேறிவிட்டார்களா என்று கேட்டேன். அஞ்சலை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள். மாப்பிள்ளை மாமியாருக்குக் கொடுக்கும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். இரண்டும் எனக்குப் பிடிபடவில்லை. எது நடந்தது என்று நீங்களே எழுத்தில் தெரிவித்து, சீக்கிரம் பதில் போடவும்.