வேப்பங்கொட்டைச் சட்னி

துக்க வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் படித்த பிள்ளையைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை. அம்மா இறந்தபோது அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு அந்த ஆபத்து நான்தான்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், யாரோடும் பேசவில்லை. சாப்பாடு கொடுத்தால் விழுங்குவார். பொழுது சாய்ந்தால் ஊர்க் கொசு மொத்தமும் அவர் மேல்தான். அடிப்பதற்குக்கூடக் கையைத் தூக்க மாட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கொசுவர்த்திப் புகை பட்டால் அவருக்கு இளைப்பு வந்துவிடும்.

எனக்கு அழ வரவில்லை, ஆராய்ச்சி வந்தது. (பி.எஸ்சி. வேதியியல். அதுவரை அந்தப் படிப்பால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.) வேப்பங்கொட்டையை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டித் தடவினால் கொசு கிட்டவே வராது என்று கைபேசியில் ஒருவர் சத்தியம் செய்தார். காரியத்துக்கு முந்தின நாள் மிக்சியில் அரைத்தேன். ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசினேன். (கழுவியதாகத்தான் அப்போது நினைத்தேன்.)

சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சித்தி அவசரமாக இட்லி ஊற்றி, அதே ஜாரில் சட்னி அரைத்தாள்.

முதல் வாயிலேயே மாமாவின் முகம் கோணியது. "இன்னாம்மா சட்னி இது? வேப்பமரத்தையே வெட்டிப் போட்டியா?"

"தேங்காவும் பொட்டுக்கடலயும்தாண்ணா போட்டேன்!" என்றாள் சித்தி, அம்மாவின் தங்கை.

பந்தியே எழுந்து குழாயடிக்கு ஓடியது. ஒரு பெரியப்பா, "எவனோ செய்வினை வெச்சிட்டான்" என்று முடிவே கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து, அப்பாவுக்குத் தடவுவதற்காக எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வந்து நின்றேன். அந்த வாடையே என்னைக் காட்டிக் கொடுத்தது.

அப்பா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதே சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கை நின்றது.

"கசக்குதுடா" என்றார்.

அம்மா போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"உங்கம்மா ஜார்லயா அரைச்ச?"

தலையாட்டினேன்.

"மஞ்சள் கூட அதுல அரைக்க உட மாட்டா. இன்னிக்கு இருந்திருந்தா உன்ன வூட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்டாடா..." என்று சிரித்தார். 'இருந்திருந்தா' என்று தான் சொன்னது அப்புறம்தான் அவர் காதில் விழுந்தது போல. சிரிப்பு பாதியில் உடைந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். குழாயடியில் வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனசில்லாமல் மாமா நின்றுகொண்டிருந்தார்.

எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. கொசு வரவில்லை, மனுஷர்களும் வரவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷம் என்றால் மாமா இலையில் கை வைப்பதற்கு முன், "பையன் ஆராய்ச்சி எதுனா பண்ணானா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பந்தி முடிந்ததும், யார் கழுவி வைத்திருந்தாலும், அந்த ஜாரை அவரே இன்னொரு முறை கழுவி, துடைத்து, அம்மா வைக்கும் இடத்தில் கவிழ்த்து வைப்பார்.