ஒரு மணி நேரப் பயணம்

"ஜூன் 3, புதன். சின்னத் தப்பு ஒன்று செய்துவிட்டேன். சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தேன்."

டைரியில் இவ்வளவு எழுதுவதற்குள் தம்பிக்கு வியர்த்துவிட்டது. மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கிறவன் அவன். கழித்தலில் தப்பு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருஷம் அலைந்து அவன் அக்காவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. கேட்டதிலிருந்து அம்மா படுத்த படுக்கை. சாப்பாடும் இல்லை.

"எவ்வளவு தூரம்டா அது?" என்று போன வாரம் கேட்டாள்.

தம்பி டிக்கெட்டைப் பார்த்தான். காலை பத்துக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குச் சேரும்.

"ஒரு மணி நேரம்மா."

அம்மா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். அக்காவின் பெட்டியைக்கூடத் தானே அடுக்கினாள்.

இன்று மாலைதான் தம்பி திரும்பி வரும் பயணத்தைப் பார்த்தான். காலை பத்துக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குச் சேருமாம். அந்த ஊர்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. போனாலும் வந்தாலும் ஆறு மணி நேரம்.

சும்மா இருந்திருக்கலாம். போகவர மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் என்ற கூட்டலாவது சரியாக இருக்கட்டும் என்று பார்த்தான்.

"அம்மா, திரும்பி வர்றப்ப மட்டும் கொஞ்சம் கூட ஆகும். பதினோரு மணி நேரம்."

"ஏன், வர்றப்ப நடந்து வருவாளா?"

"எதிர்க்காத்தும்மா."

"சரிடா கண்ணு. காத்துதான்." அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தம்பியால் தாங்க முடியவில்லை. எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் எடுத்துவந்தான்.

"இதுதான் பூமி. இங்க நாம. இந்தப் பக்கம் அக்கா."

"அழுகின பக்கமாப் பாத்து அவளை வெச்சிருக்கியே!"

"விளையாடாதம்மா. நிஜத்துல ஆறு மணி நேரம்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்ப அன்னிக்கு... தெரியாமத்தான் ஒரு மணி நேரம்னு சொன்னியா?"

"சத்தியமாத் தெரியாதும்மா!"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.

அக்கா அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "ஒரு வாரமா நானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன். உன்னை யாருடா கேட்டா?"

"தப்பைத் திருத்த வேண்டாமாக்கா?"

"நல்லாத் திருத்தின! அம்மாவை இப்படி விட்டுட்டு நான் எப்படி பிளேன் ஏறுவேன்? எனக்கு வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு வா." டிக்கெட்டை அவன் கையில் திணித்தாள்.

டிக்கெட் ஏஜென்ட் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். தம்பி மூச்சு வாங்க வந்து நின்றான்.

"அக்கா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணணும் சார். ஆறு மணி நேரப் பயணம்னு தெரிஞ்சதும் அம்மா இடிஞ்சு போயிட்டாங்க."

ஏஜென்ட் ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"அம்மா போன வாரமே கடைக்கு வந்து கேட்டாங்களே தம்பி, ஆறு மணி நேரம்னு நான்தானே சொன்னேன்? 'எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட காட்டிக்காதீங்க. என்னைச் சாப்பிட வைக்கிறதுக்காக என் பிள்ளை முதல் தடவையா ஒரு பொய் சொல்லியிருக்கான்'னு அவ்வளவு பெருமையாச் சொல்லிட்டுப் போனாங்க!"

தம்பி டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான். டைரியில் கடைசி வரி:

"நாளைய வேலை: தெரிந்தேதான் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்."