குற்றாலச் சாரலில் குளித்த கம்ப்யூட்டர்

யாராவது "புது கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் போதும், என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அவர் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்றவர் போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு, அவரோடு பஸ் ஏறி திருநெல்வேலி வரை ரேம் பற்றி விளக்கிக்கொண்டே போயிருக்கிறேன். (எனக்கு அன்றைக்கு நேர் எதிர்த்திசையில், செங்கோட்டையில் வேலை.)

எனக்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. இன்னமும் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு கறகறவென்று ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அப்டேட் வந்தால் 'பிறகு' என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். இப்போது ஏஐ வேறு வந்து சேர்ந்துகொண்டது. எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் மூலையில் ஒரு பொத்தான் உட்கார்ந்துகொண்டு 'உதவட்டுமா' என்கிறது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். இவ்வளவு பேசுகிற நான் பிழைப்புக்குப் பார்ப்பது அரிசி மண்டியில் பில் போடும் வேலை. அங்கே இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் முதலாளிக்குப் பயந்து கருத்துச் சொல்வதில்லை.

என்னிடம் வசமாக மாட்டியவர் என் அக்கா செல்வியின் வீட்டுக்காரர், இசக்கி அத்தான். மேலகரத்தில் குற்றாலம் போகும் ரோட்டின் மேல் அவருடைய ஸ்டுடியோ. முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. கல்யாண வீடியோ எடுப்பதில் கெட்டிக்காரர். பெண்ணைப் பெற்றவர் தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைக்கிற அந்த நொடியை அவர் கேமரா தவறவிடவே விடாது. வாயில்லாப் பூச்சி. ஆகவே எனக்கு ஏற்ற ஆள்.

"அத்தான், இந்தப் பெட்டியை இன்னும் வச்சுக்கிட்டு இருக்கியளா? மியூசியத்துல கேப்பாங்க" என்று வருஷக்கணக்காக அரித்து, கடைசியில் அவருடைய பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட வைத்தேன். புதிதாக ஒன்றை நானே பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அதிவேக ப்ராசஸர், தடிமனான கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றையும் சேமித்துவைக்க வெற்றிலை அளவுகூட இல்லாத எஸ்எஸ்டி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே மினுமினுவென்று கலர் விளக்குகள். அதைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டது, "ஏலே, இது கம்ப்யூட்டரா, கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட்டா?"

ஒரே ஒரு குறை. வீடியோவைத் தயார் செய்து வெளியே எடுக்கும்போது, அதற்குப் பெயர் ரெண்டரிங், ப்ராசஸர் அடுப்பாகச் சுடும். அதைக் குளிரவைக்க ஃபேன்கள் போடும் சத்தத்தில் மாவு மில் தோற்றது. எனக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. நல்ல கம்ப்யூட்டர் சத்தம் போடக் கூடாது என்பது என் கொள்கை.

அது ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. ஸ்டுடியோ ஜன்னல் மேற்கே மலையைப் பார்த்து இருக்கிறது. திறந்தால் போதும், உடம்பு சிலிர்க்கிற காற்று. அந்த ஜன்னலில் நின்றபோதுதான் என் மூளையில் அந்த விளக்கு எரிந்தது. பெங்களூர்க்காரன் தண்ணீர்க் குழாய் எல்லாம் வைத்துக் கம்ப்யூட்டரைக் குளிரவைக்கிறான். நமக்கு எதற்கு அதெல்லாம்? குற்றாலக் காற்று சும்மாதானே வருகிறது! பெட்டியின் கண்ணாடியைக் கழற்றினேன். பாதி ஃபேன்களை நிறுத்தினேன். ஒரு ஸ்டூலைப் போட்டு, பெட்டியின் திறந்த வயிறு ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். சூடு மளமளவென்று இறங்கியது.

"சாரல் அடிக்குமே மாப்ள?" என்றார் அத்தான்.

"இன்னைக்கு மழை இல்லைன்னு போன்ல போட்டிருக்கு அத்தான்."

(போனில் மழை இல்லை என்றுதான் போட்டிருந்தது. சாரல் என்று ஒன்று இருப்பதே அந்தப் போனுக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போனைத்தான் நம்பினேன்.)

அப்போது அதற்குள்ளே இருந்தது அன்வரின் கல்யாண வீடியோ. அன்வர் தென்காசிப் பையன், துபாயில் வேலை. வெள்ளிக்கிழமை விடியக்காலம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும், வியாழன் சாயங்காலம் வீடியோ அவர் கையில் இருந்தாக வேண்டும். அவருடைய அண்ணன் ஜமாலும் துபாயில்தான் இருந்தார். கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "வாப்பா மவுத்தான பொறவு என்னையப் படிக்க வச்சதே அவந்தான் அண்ணாச்சி. என் கல்யாணத்தை அவன் இதுலதான் பாக்கப் போறான்" என்று அன்வர் அத்தானின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதில் என் கைங்கரியம் இன்னொன்றும் உண்டு. மெமரி கார்டுகளில் இருந்த ஒரிஜினலை அத்தான் பத்திரப்படுத்தப் போனார். "எஸ்எஸ்டி இருக்கும்போது இந்தத் துண்டு துக்காணியெல்லாம் எதுக்கு?" என்று சொல்லி, இரண்டு கார்டையும் அழிக்கச் சொன்னவன் நான். அழித்த கார்டுகளோடு அவர் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு எடுக்கப் போய்விட்டு வந்திருந்தார். ஆக, அன்வரின் கல்யாணம் உலகத்தில் இருந்த ஒரே இடம் ஜன்னலோரத்து ஸ்டூல்.

புதன்கிழமை மத்தியானம் ரெண்டரிங்கைத் தட்டிவிட்டேன். முடிய நேரமாகும். "அதுபாட்டுக்கு ஓடட்டும், நாம ஐந்தருவிக்குப் போயிட்டு வருவோம்" என்று அத்தானைக் கிளப்பினேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் நின்றோம். தண்ணீர் தலையில் தடதடவென்று இறங்க, அவர் காதில் கத்தினேன்: "நம்ம கம்ப்யூட்டரும் இப்ப இப்படித்தான் அத்தான் குளுகுளுன்னு இருக்கும்!"

என் வாழ்நாளில் நான் சொன்ன தொழில்நுட்பக் கருத்துகளிலேயே நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், காற்று வலுத்து மேற்கேயிருந்து சாரல் அறைக்குள் புகை மாதிரி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலைச் சுற்றித் தண்ணீர். மானிட்டர் இருட்டு. பெட்டிக்குள் மட்டும் கலர் விளக்குகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி அடித்த வெளிச்சத்தில் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக மதர்போர்டில் விழுந்தது. டூரிஸ்டுகள் பார்த்தால் துண்டோடு வந்திருப்பார்கள். நான் பாய்ந்து ஸ்விட்சில் கை வைப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்தது.

அத்தான் ஈரத் துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஜமாலுக்கு நான் என்ன மாப்ள சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்டியை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய், பாய் விரித்து, ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஹேர் டிரையரை எடுத்து மாட்டினால், காற்றில் எங்கேயோ மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாம் என்றால், அதை உள்ளே வைத்து இணைக்கிற ஒரு டப்பா வேண்டும். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். "பழைய மாடலுக்குத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் புதுசு புதுசா கேப்பிய" என்றார் ஒருவர்.

அக்கா அப்போதுதான் குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். தூபக்காலில் கங்கு போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகையில் குழந்தையின் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பாயில் கிடந்ததைப் பார்த்தாள்.

"கொண்டா அதை இங்கன."

"அக்கா, இது எலெக்ட்ரானிக்ஸ். புகை ஆகாது. தூசு படியும், பிசின் ஒட்டும், பின்னுக்குள்ள—"

"புகை ஆகாது, தண்ணி மட்டும் ஆகுமோ? கோட்டிப் பயலே! மூணு மாசப் பிள்ளைக்கு ஆவுதது உன் டப்பாவுக்கு ஆகாதாக்கும்? கொண்டாங்கேன்!"

கொடுத்தேன். வேறு வழி? கூடையின் மேல் மதர்போர்டு, பக்கத்தில் ரேம், எஸ்எஸ்டி. அக்கா ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே மறு கையால் விசிறினாள். இடையிடையே பழக்க தோஷத்தில் சாம்பிராணி வேறு அள்ளிப் போட்டாள். "சாம்பிராணி வேண்டாம்க்கா, சூடு மட்டும் போதும்" என்று நான் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகுதான் கரண்ட் வந்தது. எல்லாவற்றையும் மாட்டினேன். நிறுத்திவைத்த ஃபேன்களையும் சேர்த்துத்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் அன்வர். உள்ளேயிருந்து வந்த வாசனையில் தயங்கி, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு மெதுவாக வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பூசை எதுவும் நடக்குதா? நான் பொறவு வரட்டா?"

"இல்ல தம்பி, புது சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டோம்" என்றேன் நான்.

"நனைஞ்சு போச்சு தம்பி, காயப் போட்டிருக்கோம்" என்றாள் அக்கா.

அன்வரின் முகம் செத்துவிட்டது. நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், இனி அரிசி மண்டியைத் தவிர எங்கும் தலைகாட்டக் கூடாது என்று நான் முடிவெடுத்த நேரத்தில் அக்கா சொன்னாள்:

"ஏ மூதி, பின்னால வயரு தொங்குது பாரு."

பவர் கேபிள். மாட்டவே இல்லை.

மாட்டினேன். அழுத்தினேன். ஃபேன்கள் எல்லாம் ஒன்றாக 'ங்ஙொய்ய்ய்' என்று கிளம்பின. அன்றைக்கு அது எனக்குக் கெட்டிமேளமாகக் கேட்டது. திரையில் அன்வர் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரித்தபோது அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார், நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். வீடியோ முழுதாக வெளியே வரும்வரை அன்வர் எழுந்திருக்கவில்லை. பென் டிரைவை வாங்கி மோந்து பார்த்தார். "சாம்பிராணி வாசம் அடிக்குது அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அது எப்படிப் பிழைத்தது என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்ததுதான் காரணம். இதை நான் சொன்னால் நம்ப ஆள் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. ரெண்டரிங் போட்டுச் சூடேறினால் ஸ்டுடியோ முழுக்கச் சாம்பிராணி மணக்கும். ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஒரு அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சீசனுக்கு ஜமால் லீவில் வந்தார். நேரே ஸ்டுடியோவுக்குத்தான் வந்தார். அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுனேன். அவன் மாலையோட நிமிந்து பாக்கான்லா, அந்த இடம் வந்தா மட்டும் எனக்குத் தாங்காது அண்ணாச்சி" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அரபு நாட்டு வாசனைக் கட்டை, புகை போடுவதற்கு. நான் ஆசையாகக் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு இல்ல. கம்ப்யூட்டருக்கு" என்றார்.

அந்தப் பெட்டி கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. என் கருத்துகளும் குறையவில்லை. போன வாரம்கூட, புதிதாக வந்திருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பற்றி அத்தானிடம் மெதுவாக ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"மொதல்ல ஜன்னலைச் சாத்துலே. பொறவு பேசு."