ஃபுல் சஸ்பென்ஷன் தொடர்பாக

பொருள்: காட்டுப்பாதை சைக்கிள் – நீலமா, பச்சையா – தெரிவு செய்தல் – மேலான உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: உன் அக்கா சென்ற வியாழன் காலை டீ குடித்துக்கொண்டே வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை.

அன்பு மச்சானுக்கு உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். மனசளவில் அவள் மட்டும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுதவும். உனக்கு மாற்றல் உத்தரவு வந்து அடுத்த மாதம் எங்கள் ஊருக்கே வரப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன், மிக்க மகிழ்ச்சி. ஆனால் நீ வரும்வரை இந்த விஷயம் தாங்காது. போனில் பேசலாமே என்று கேட்பாய். உன் அக்கா இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் யார் யாரிடம் கிசுகிசுத்தாலும் இந்தக் கோடியில் விசில் ஊதுவாள். அவள் இருக்கும் வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா? அதனால்தான் கடிதம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறு மாதம், அதாவது ஆறு மாதத்துக்கு முன்பு, உன் அக்கா திடீரென்று, "எனக்கு ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேணும், முடிவு பண்ணிட்டேன்" என்றாள். எனக்கு டீ புரையேறிவிட்டது. நான் முப்பத்தோரு வருஷம் பணியமைப்புப் பிரிவில் தலைமை எழுத்தராகக் குப்பை கொட்டியவன். எத்தனை பேருக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் தட்டச்சு செய்திருக்கிறேன், அதை வாங்கிக்கொண்டு எத்தனை பேர் என் மேசை முன்னால் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். யாரும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதில்லை. அதிலும் ஃபுல் என்கிறாள். எங்கள் அலுவலகத்தில் சஸ்பென்ஷனில் பாதிச் சம்பளம் உண்டே தவிர பாதி சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது. "ரிட்டயர் ஆனவளை எப்படிம்மா சஸ்பெண்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சேர்த்து அதிர்ச்சி தாங்குகிற அமைப்பு உள்ள சைக்கிளுக்கு அப்படிப் பெயர் என்றாள். மறு வாரம் ஒரு சிவப்பு சைக்கிள் வரவேற்பறையில், என் நாற்காலி இருந்த இடத்தில் நின்றது. நாற்காலி இப்போது குளியலறை வாசலில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அனாதை. ஊருக்குப் பின்னால் குன்று இருக்கிறதல்லவா, அதில் கல்லும் வேருமாக ஒரு ஒற்றையடிப் பாதை. அங்கே ஐந்து பேர் சேர்ந்து காலையில் ஏறுகிறார்கள், ஏறியதை எல்லாம் உடனே இறங்குகிறார்கள். இறங்குவதற்கு எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டால் சிரிக்கிறாள். பதினோரு மணிக்குத் தலை முதல் கால்வரை சேறாக வந்து நிற்பாள், முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். வந்ததும் வராததுமாக அந்தக் குழுவில் இருக்கும் பல் டாக்டர் போன் செய்வார். "இன்னிக்கு அந்தப் பாறை இறக்கத்துல கலக்கிட்டீங்க மேடம்!" என்பார். இவள் கடகடவென்று சிரிப்பாள். மச்சான், எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த ஆள் மேல் எனக்கு வேறு எந்தச் சந்தேகமும் இல்லை, பேத்தி எடுத்தவர், நல்ல மனுஷன், என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவர். ஆனால் அவள் அப்படிச் சிரிக்கிற இடத்தில் நான் இல்லையே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நான் பதினோரு மணிவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குளியலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் பார்வையில் கண்ட ஆணை. "கடையில ரெண்டு பைக் எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன், ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. நீங்க போய் ரெண்டுலயும் உக்காந்து பாருங்க. எது சரியா இருக்குன்னு வந்து சொல்லுங்க. அடுத்த மாசத்துலேருந்து என்கூட நம்ம வீட்டு ஆள் ஒண்ணு இருக்கும், அந்த டாக்டர் அலட்டல் குறையும்" என்றாள். நம்ம வீட்டு ஆள்! வீட்டில் இரண்டே ஆள், அவளைக் கழித்தால் மிச்சம் நான். எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் கதி கலங்கிவிட்டது. காரணம் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரரை எல்லாரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காதில் ஒரு பென்சில், கையெல்லாம் கிரீஸ். நான் உள்ளே போனதும், "வாங்க சார், மேடம் சொன்னாங்க. உங்களுக்கு டிராவல் எவ்வளவு இருந்தா நல்லாருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றார். "ரொம்ப தூரமெல்லாம் இல்லப்பா, மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்றேன். "அதில்ல சார். நீலத்துல நூத்தி முப்பது, பச்சையில நூத்தி அம்பது." "கிலோமீட்டரா?" என்று அலறிவிட்டேன். "மில்லிமீட்டர் சார்" என்றார். நீயே சொல்லு, நூற்றைம்பது மில்லிமீட்டர் டிராவல் பண்ண எவனாவது சைக்கிள் வாங்குவானா? என் மேசையிலிருந்து பக்கத்து மேசை ஸ்டேப்ளரை எடுக்கவே அதைவிட அதிகமாகக் கையை நீட்ட வேண்டும். அப்புறம் பொறுமையாக விளக்கினார்: கல்லில் ஏறும்போது சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வரும் என்பதுதான் டிராவலாம். ஆக நாம் போகிற தூரம் கணக்கில்லை, சக்கரம் துள்ளுகிற தூரம்தான் கணக்கு.

"ஹார்ட்டெயில்ல எல்லாம் பழக்கம் உண்டா சார்?" என்றார். ஹார்ட் நன்றாகத்தான் இருக்கிறது, போன வருஷம் ஈசிஜி எடுத்தாயிற்று என்றேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார். அது பின்னால் அதிர்ச்சி தாங்காத சைக்கிளின் பெயராம். "இதுல பின்னாடி ஷாக் பிரமாதமா இருக்கும், உக்காந்து பாருங்க" என்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எங்காவது ஒயர் தொங்குகிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் இரண்டு கையாலும் சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்காவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கைப்பிடியில் ஒரு பொத்தான் இருந்தது. "அது டிராப்பர் சார்" என்றார். கண்ணுக்கு மருந்து விடுகிற டிராப்பர்தான் எனக்குத் தெரியும், இது என்னத்தை விடுகிறது என்று அழுத்தினேன். விட்டது என்னைத்தான். சீட் என்னையும் கூட்டிக்கொண்டு சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. எழுந்து வர ஸ்பேனர் கை கொடுத்தார்.

இன்னொரு அவமானமும் நடந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. உட்கார்ந்தால் ஷாக், அதாவது அந்தக் காற்றடைத்த அதிர்ச்சிதாங்கி, கொஞ்சம் அமுங்க வேண்டுமாம். நான் உட்கார்ந்தது அதற்குத் தெரியவே இல்லை, இரும்பு மாதிரி நின்றது. "மேடம் எண்பத்தெட்டு கிலோன்னு சொன்னாங்களே சார், அதுக்குத் தகுந்தாப்புல காத்து அடிச்சு வெச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். நான் அறுபத்தோரு கிலோ! முப்பத்துமூன்று வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் என் எடையில் இருபத்தேழு கிலோ கூட்டிச் சொல்லியிருக்கிறாள். உயரத்தை மட்டும் அங்குலம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். இது மறதியா, குத்திக்காட்டலா என்று நான்கு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

சரி, எதை எடுப்பது? நீலம் இலேசு, ஏற்றத்தில் சட்டென்று ஏறும், திருப்பினால் திரும்பும். ஆனால் இறக்கத்தில் ஒவ்வொரு கல்லும் வந்து விசாரித்துவிட்டுப் போகும். பச்சை கனம், ஏற்றத்தில் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் இறக்கத்தில் கல்லா முள்ளா என்று கேட்காமல் மெத்தையில் போகிற மாதிரி போகும். இணையத்தில் ஒரு தாடிக்காரர் நீலத்தை, "விளையாட்டுத்தனம் ஜாஸ்தி, அதான் இதோட அழகு" என்கிறார். அறுபத்தோரு வயதில் விளையாட்டுத்தனம் ஜாஸ்தி உள்ள சைக்கிளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதே தாடிக்காரர் அடுத்த காணொளியில் பச்சைதான் சார் உலகம் என்கிறார். பல் டாக்டரைக் கேட்டேன், "இறக்கத்துல என்ன வேகத்துல போவீங்கன்னு சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றார். நான் ஒரு கோப்பு திறந்து, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, பதினான்கு பக்கம் குறிப்பு எழுதி, கடைசியில் பழக்க தோஷத்தில் "இரண்டும் தகுதியுடையவை; மேலிட உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு முடிவும் எடுத்ததில்லை, எல்லாவற்றையும் மேலே அனுப்பியிருக்கிறேன். இப்போது எனக்கு மேலே நீதான் இருக்கிறாய்.

கதி கலங்கிய காரணத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மச்சான், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நீலமும் தெரியாது, பச்சையும் தெரியாது, எந்தக் கலரும் தெரியாது. பதினோரு வயதில் ஒரு தடவை ஏறினேன், நேரே ஒரு தையல் கடைக்குள் போய் மெஷினுக்கும் தையல்காரருக்கும் நடுவில் நின்றேன், அதோடு சரி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்பதுதான். விளையாட்டுக்காரி, ஆசையாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம் என்ன பண்றது? ஒரு சைக்கிள் வாங்கி, தினமும் அதைத் தள்ளிக்கொண்டே ஆபீசுக்கு நடந்தேன். வீட்டு வாசலில் ஒரு காலைப் பெடலில் வைத்து ஏறுகிற மாதிரி நிற்பேன், அவள் உள்ளே போனதும் இறங்கித் தள்ளுவேன். இப்படி இரண்டு வருஷம்! அப்புறம் முழங்கால் வலி என்று சொல்லி விற்றுவிட்டேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இப்ப போய் எப்படி சொல்றது? சொன்னா, தெரியாதுங்கறதுக்காக கோபப்பட மாட்டா, இத்தனை வருஷம் மறைச்சேன் பாரு, அதுக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. சொல்லாம இருந்தா நம்ம வீட்டு ஆள் முதல் வேர்லயே தலைகுப்புற விழுந்து, பல் டாக்டருக்கு வேலை வெச்சுடும். ஞாயித்துக்கிழமை அவகூடப் போகணும்டா மச்சான், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். விழறவனுக்கு நூத்தி முப்பது நல்லதா, நூத்தி அம்பது நல்லதா? இந்த ஒண்ண மட்டும் சொல்லு.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். பெரியவர்களை விசாரித்ததாகவும், சின்னவர்களைப் படிக்கச் சொன்னதாகவும் தெரிவிக்கவும். உத்தரவை எதிர்நோக்கி,

உன் அத்தான்
(தலைமை எழுத்தர், ஓய்வு)

பின்குறிப்பு: உன் விலாசம் உன் அக்காவிடம்தான் இருக்கிறது. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மேலே விலாசம் மட்டும் அவளிடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஒட்டிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? கவலைப்படாதே.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு (கையெழுத்து மாறியிருப்பதைக் கவனிக்கவும்):

தம்பி, அக்கா எழுதறேன். உறையை நல்லாத்தான் ஒட்டிக் கொடுத்தார். ஆனா உள்ள வெச்சு ஒட்டினது கரண்ட் பில். கடிதம் மேசை மேலயே இருந்துச்சு. பில்லை எடுத்துட்டு இதை வெச்சு அனுப்பறேன்.

அந்தப் பைக் உனக்குடா. அந்த எண்பத்தெட்டு கிலோவும் நீதான். மாற்றலாகி வர்றப்ப வாசல்ல நிறுத்தி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன். உனக்கும் அவருக்கும் ஒரே உயரம், அதனால அளவு பாக்க அவரை அனுப்பினேன், அவ்வளவுதான். நம்ம வீட்டு ஆள்னு சொன்னது உன்னை. அவர் தன்னைன்னு நெனைச்சுக்குவார்னு எனக்குத் தோணவே இல்லை. அதை நெனைச்சா எனக்கே என் மேல கோபம் வருது.

சைக்கிள் தெரியாதது எனக்குத் தெரியும். கல்யாணமாகி மூணாவது வாரம், டிபன் பாக்ஸை மறந்துட்டுப் போனார்னு பின்னாடியே ஓடினேன். தெருமுனையில சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறார். யாரும் பாக்கலைங்கற நெனைப்புல, வழியில நின்னு பெல் மட்டும் ரெண்டு தடவை அடிச்சுப் பாத்துக்கிட்டார். நான் சத்தம் போடாம திரும்பி வந்துட்டேன். அவரே சொல்லட்டும்னு இருந்தேன், இன்னிக்குத்தான் சொல்லியிருக்கார், அதுவும் உன்கிட்ட.

அதனால உன் பைக் இப்ப இல்ல, கோவிச்சுக்காதே. ஸ்பேனர்கிட்ட சொல்லி எந்த சஸ்பென்ஷனும் இல்லாத ஒரு சாதாரண சைக்கிள் எடுத்துட்டேன். முப்பது வருஷமா விட்டுப்போச்சே, மறுபடி பழகுங்கன்னு சொல்லி நாளைக்குக் காலையில பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சீட்டைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு நான் ஓடுவேன். இந்த ஞாயித்துக்கிழமை குன்றுக்குப் போகலை, டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

நான் இதைப் படிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம். நீலமா பச்சையான்னு மட்டும் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு. மேலேருந்து உத்தரவு வரலைன்னா மனுஷன் சாப்பிட மாட்டார்.