கொலனி அண்ணையும் மன்னருக்கான சத்தியமும்

அமெரிக்காவில் குடியேறிய வெள்ளைக்காரருக்காக, அவர்களின் சுதந்திரச் சண்டை முடிந்து இத்தனை தலைமுறை கழித்து, இங்கிலாந்து மன்னரோடு மல்லுக்கு நின்ற ஒரே யாழ்ப்பாணத்தவர் எங்கள் கொலனி அண்ணைதான். ஒரே ஆள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இன்னொருவர் எங்காவது இருந்தால், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களை நினைத்து நான் பரிதாபப்படுகிறேன்.

லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு முடிவெட்டும் கடைக்கு மேலே அவரும், பேக்கரியில் வேலை செய்த குகனும், நானும் குடியிருந்தோம். அண்ணை ஜெர்மனியில் பல வருடம் கோப்பை கழுவி, அங்கே விசா சரிவராமல் லண்டனுக்கு வந்தவர். டொரன்டோவில் இருந்த தன் அக்காவை முப்பது வருடமாக நேரில் பார்க்கவில்லை. அகதிப் பத்திரத்தோடு கனடா விசா கேட்டு இரண்டு தடவை இல்லை என்ற பதில்தான் வந்தது. அக்காவுக்கோ முழங்கால் போய், வீட்டுப் படி இறங்க ஏலாது. பிரித்தானியப் பிரஜையாகிவிட்டால் விசா இல்லாமலே போய்ப் பார்க்கலாம். அதற்கு ஒரு பரீட்சை, பரீட்சைக்கு ஒரு புத்தகம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணையின் படிப்பு முறை நாங்கள் ஊரில் படித்த முறைதான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையில் நடந்து நடந்து சத்தமாகப் பாடமாக்குவார். ரோமரையும் எட்டாம் ஹென்றியையும் மூன்று நாளில் விழுங்கிவிட்டார். மன்னரின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் கொலனிகள் பற்றிய பந்தி வந்ததும் நடை நின்றது.

"தம்பி, இதைக் கேள். அவங்களுக்குப் பாராளுமன்றத்தில ஒரு வோட்டும் இல்லையாம். ஆனா வரி மட்டும் கட்டட்டாம். இது ஞாயமோ?"

"அண்ணை, ஞாயத்தைக் கேக்க மாட்டாங்கள். விடையைத்தான் கேப்பாங்கள்."

"விளங்காமல் எப்படியடா விடை சொல்லுறது?"

நூலகத்துக்குப் போய் நாலு தடித்த புத்தகங்களோடு வந்தார். மறுநாள் குகன் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கப் போனவன் அலறினான். குளியல் தொட்டி நிறைய மண்ணிறத் தண்ணீர். பொஸ்டன் துறைமுகத்தில் கொலனிக்காரர் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களாம். ஸ்ட்ரெதமில் கடல் இல்லாதபடியால் எங்கள் வீட்டுத் தேயிலை தொட்டிக்குள் போய்விட்டது.

"அது நான் வாங்கின தேயிலை!" என்று குகன் துள்ளினான்.

"போராட்டம் எண்டால் இழப்பு இருக்கும், குகன்" என்றார் அண்ணை, மிகவும் சாந்தமாக.

அன்றிலிருந்து வீட்டில் கோப்பி; அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொலனி அண்ணை. இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, கோப்பைக்குள் தேத்தண்ணி. என்ன நடந்தது என்று கேட்டேன். பிரெஞ்சுக்காரரோடு சண்டை பிடித்துக் கொலனிகளைக் காப்பாற்றியது மன்னரின் படைதானாம்; அந்தச் செலவில் ஒரு பங்கைக் கேட்டது பிழையா என்று அண்ணை என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு கிழமைக்குள் மறுபடி கோப்பி வந்தது. பிறகு ஒருநாள் வெறும் சுடுதண்ணி தந்தார்.

"இதென்னண்ணை?"

"ரெண்டு பகுதியும் சண்டை பிடிச்ச அந்தக் காணி ஆருடையதெண்டு இப்பதான் வாசிச்சனான். பூர்வீகச் சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லையடா." அவர் முகம் உண்மையாகவே வாடியிருந்தது.

எங்களுக்கும் தலை கிறுகிறுக்கத் தொடங்கியது. யார் வெல்கிறார்கள் என்று கோப்பைக்குள் எட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டோம். குகன் களவாகத் தன் அலமாரிக்குள் தேயிலை ஒளித்துவைத்தான்.

பரீட்சையில் அமெரிக்கக் கேள்வி வந்தது. நாலு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அண்ணை மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, நாலுமே அரைகுறையான விடைகள், விளக்கம் எழுதத் தாள் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தாள் கிடைக்கவில்லை. மிச்சக் கேள்விகளுக்கு நேரமும் கிடைக்கவில்லை. பெயில்.

இரண்டாம் தடவைக்கு முன்னர் நானும் குகனும் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினோம். "அண்ணை, அக்காவை நினையுங்கோ. ஒரு முக்கால் மணித்தியாலம் யோசிக்காமல் இருங்கோ." பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு யோசிக்காமல் இருந்து பாஸ் பண்ணினார்.

கடைசிப் படி கவுன்சில் மண்டபத்தில். மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதைச் சொல்லாதவருக்குப் பிரஜாவுரிமை இல்லை. அண்ணை கோட் போட்டு, திருநீறு பூசி, முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பின்வரிசையில், விருந்தாளியாக, நான். எல்லோரும் சத்தியத்தைச் சொன்னார்கள். அண்ணையின் வாய் மட்டும் அசையவில்லை.

அதிகாரி அம்மா கவனித்துவிட்டார். சிரித்தபடி பக்கத்தில் வந்து, தனியாகச் சொல்லலாம், அவசரமில்லை என்றார். முன்னால் எட்டி அண்ணையின் காதுக்குள் கேட்டேன்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"ஏலாதடா தம்பி. அந்தக் கொலனிக்காரரைக் காட்டிக் குடுக்கிற மாதிரிக் கிடக்கு."

அவருடைய புத்தகமொன்று மாதக்கணக்காகக் குளியலறை ஜன்னலில் கிடந்தது. அதைப் புரட்டியபோது வாசித்த ஒரு விசயம் நல்ல காலமாக அப்போது ஞாபகம் வந்தது.

"அண்ணை, மன்னற்ற பக்கம் நிண்ட கொலனிக்காரரும் இருந்தவை. சண்டையில தோத்தவுடன வீடு வாசலை விட்டிட்டுக் குஞ்சு குருமானோட ஓடினவை. கனபேர் எங்க போனவை தெரியுமோ? கனடாவுக்கு."

அண்ணை மெல்லத் திரும்பினார். "அகதியாவோ?"

"ஓம் அண்ணை. அகதியாத்தான்."

"ஓடினவையெண்டால், அவை எங்கட ஆக்களடா" என்றார். பிறகு முன்னால் திரும்பி, மன்னருக்கே நேரில் கேட்கும்படியான சத்தத்தில் சத்தியத்தைச் சொல்லி முடித்தார். மண்டபம் கை தட்டியது. அவர் எந்தப் பக்கத்துக்காகச் சத்தியம் செய்தார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பாஸ்போர்ட் வந்த மாதமே டொரன்டோ போனார். மூன்றாம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. பேசியது அண்ணையில்லை, அவருடைய அக்கா.

"தம்பி, இவன் வந்து இறங்கின நேரம் தொடக்கம் ஏதோ கொலனியாம், தேயிலையாம் எண்டு கதைச்சுக்கொண்டே இருக்கிறான். எனக்கொரு கோதாரியும் விளங்கேல்ல."

"பேசாமல் இரு எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"சீச்சீ, வேண்டாம். கதைக்கட்டும். முப்பது வருசம் இந்தக் குரல் கேக்காமல் இருந்தனான்."

நான் போனை வைத்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.