ஷட்டர் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததென்றால், அதற்குக் காரணம் காலண்டர் இல்லை, ஷட்டர். பாபநாசம் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ‘ஷட்டர்’, முகத்துக்கு நேரே ‘மொதலாளி’.

இப்போது எதற்கு அவர் நினைப்பு என்றால், கோபத்தில்தான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது. வாசலில் மணி அடிக்கிறது. போய்ப் பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க நிற்கிறார். கையில் ஒரு பாக்கெட் மல்லித்தூள். மருமகள் போனில் தட்டி வரவழைத்திருக்கிறாள். “சாப்டீங்களா?” என்று கேட்டேன். “எங்க சார், நாலு மணியாவும்” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பாக்கெட் மல்லித்தூளுக்கு ஒரு மனுஷனுடைய ஞாயிற்றுக்கிழமையா? என் தங்கை மகன் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அவனுக்கு வார லீவு செவ்வாய். டீச்சராக இருக்கும் அவன் மனைவிக்கு லீவு ஞாயிறு. புருஷனும் பெண்டாட்டியும் பகலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தீபாவளிக்கு மறுநாள் வர வேண்டும். இது என்ன அக்கிரமம் என்று கேட்க ஆளே இல்லை. கேட்க ஆள் இருந்த காலத்தில் நான் அந்த ஆளையே நடுத்தெருவில் நிற்க வைத்துக் கத்தியவன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மற்ற ஆறு நாளும் ஷட்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆணியும் கயிறும் மண்வெட்டியும் விற்கிற சாதாரண மனிதர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கைலியும் பனியனுமாகக் கையில் குடையோடு கடைத்தெருவில் இறங்கிவிடுவார். தன் கடைக்கு இரண்டு பூட்டு. நடுவில் ஒரு சிலேட்டு. அதில் சாக்பீஸால் ‘இன்று ஞாயிறு. நாளை திங்கள்’ என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கிடையாது.

தன் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? அவர் ஊர்க் கடையையெல்லாம் பூட்டினார். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அரை ஷட்டர் வியாபாரம் என்று ஒன்று உண்டு. கடை மூடின மாதிரி இருக்கும். ஷட்டரின் அடியில் இரண்டடி இடைவெளி இருக்கும். உள்ளே குனிந்து போகிறவர் வெளியே வரும்போது கையில் புளிப் பொட்டலம் இருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இடுப்பு வளைந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். ஷட்டர் குடைக் கம்பியால் டங் டங்கென்று தட்டுவார். “யாரு உள்ள? கணக்குப் பாக்கறீங்களா, கருவாடு விக்கறீங்களா?” என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் இடைவெளி இருக்காது. மருந்துக்கடைக்கு மட்டும் விலக்கு உண்டு. டீக்கடைக்கும் உண்டு. ஏனென்றால் ஷட்டருக்கு டீ வேண்டும்.

ஒரு தடவை ஞாயிறு லீவு விடுகிறார்களா என்று பார்க்க லேபர் ஆபீசர் ஒருவரே வந்து இறங்கினார். தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார் என்று ஷட்டர் குதிப்பார் என எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். ஷட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னிக்கு என்ன கெழமை?”

“ஞாயிறு. அதான் செக்கிங் வந்திருக்கோம்.”

“ஞாயித்துக்கெழமை நீங்க ஏன் சார் வேலைக்கு வந்தீங்க? வூட்ல புள்ளகுட்டி இல்லையா? மொதல்ல கெளம்புங்க!”

அந்த ஆபீசர் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். பஸ் கிளம்பும் வரைக்கும் ஷட்டர் நகரவில்லை.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, போர்வெல் தண்ணீர்தான். திருப்பனந்தாளில் அத்தை வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய அப்பா, என் இருபத்தாறு வருட வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்றங்காலை என்னிடம் ஒப்படைத்திருந்தார். “திங்கக்கெழம வந்துடுவேன். தண்ணி மட்டும் காயாம பாத்துக்க. வேற வெத கெடயாது, ஞாபகம் வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் ஞாயிறு காலை பம்ப் இன்ஜினைச் சுற்றினேன், பட்டென்று பெல்ட் அறுந்து இரண்டு துண்டாக வரப்பில் விழுந்தது. வைகாசி வெயில். தண்ணீர் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது. பக்கத்துப் போர்க்காரரோடு அப்பாவுக்கு வரப்புத் தகராறு. அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன் பாபநாசத்துக்கு.

இரும்புக்கடையில் சிலேட்டு தொங்கியது. ஷட்டர் நான்கு கடை தள்ளி மளிகைக்கடை வாசலில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தார். மளிகைக்கடை அண்ணாச்சி அன்றைக்கு அரை ஷட்டர் வியாபாரம் மட்டும் செய்யவில்லை. பொட்டலம் கட்டுகிற முருகேசனையும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். முருகேசனுக்கு ஊர் குடவாசல். அன்றைக்கு அங்கே அவன் குழந்தைக்குக் காதுகுத்து. “மத்தியானமா போய்க்கடா, காது எங்க ஓடிடப் போவுது” என்றாராம் அண்ணாச்சி.

ஷட்டர் குனிந்து முருகேசனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “போ. எட்டே முக்கா பஸ்ஸு போயிடுச்சு, ஒம்போதரையாச்சும் புடி. ஓடு!” அவன் ஓடினான். அடுத்து, அண்ணாச்சி உள்ளே இருக்க, கடகடவென்று ஷட்டரை இழுத்து, இடுப்பிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்து மாட்டி அமுக்கினார். அது அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற வகை. திறக்க மட்டும்தான் சாவி வேண்டும். “உள்ளயே ஒக்காந்து யோசிங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தொறக்கறேன்” என்றார்.

ஐந்து நிமிஷம் கழித்து இடுப்பைத் தடவினார். மடியை உதறினார். குடையை விரித்துக்கூடப் பார்த்தார்.

“சாவி கடையில ஆணியில தொங்குது” என்றார்.

“அப்ப போய் எடுத்துட்டு வாங்க மொதலாளி” என்றது கூட்டம்.

“எப்படி எடுக்கறது? இன்னிக்கு ஞாயித்துக்கெழமை.”

அடப்பாவி மனுஷா! உள்ளேயிருந்து அண்ணாச்சி, “மொதலாளி, மூச்சு முட்டுதுய்யா!” என்றார். “ரெண்டு ஜன்னல் இருக்குல்ல, கம்பியப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க” என்றார் இவர். பூட்டை அறுக்கலாம் என்றால் ரம்பம் இரும்புக்கடையில்தான் கிடைக்கும். வெல்டிங் பட்டறையைக் கூப்பிடலாம் என்றால் அதையும் இவரே அரை மணிக்கு முன்னால் மூட வைத்துவிட்டார். அண்ணாச்சியின் சம்சாரம் வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “காப்பியாவது குடிச்சாராங்க அவரு?” என்று ஊரைக் கேட்டார். ஷட்டருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் தன் கடைப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை.

கடைசியில் ஓட்டைப் பிரித்தோம். பின்பக்கம் நாட்டு ஓடு. எங்கிருந்தோ இரண்டு ஏணி வந்தது. ஒன்றை உள்ளே இறக்கி, ஒன்றை வெளியே சாத்தினோம். வெளியே இருந்ததை ஒரு பக்கம் ஷட்டர் பிடித்துக்கொண்டார், இன்னொரு பக்கம் நான். என் நாற்று அங்கே கருகுகிறது, நான் இங்கே அண்ணாச்சிக்கு ஏணி பிடிக்கிறேன்! தலையெல்லாம் ஒட்டடையோடு கூரைக்கு மேலே அண்ணாச்சி எழுந்தபோது கடைத்தெருவே கை தட்டியது. “எறங்கி வந்து பேசிக்கறேன்யா உங்கிட்ட!” என்று அவர் மேலேயிருந்து கத்தினார். “பாத்து, அந்த ஓடு வழுக்கும்” என்றார் ஷட்டர்.

அண்ணாச்சி இறங்கியதுதான் தாமதம், நான் வெடித்துவிட்டேன்.

“மொதலாளி, உங்க ஒரு நாள் வீம்புக்கு எங்க ஒரு போக சாப்பாடு காயணுமா? பெல்ட்டு இல்லன்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாத்து பூரா போயிடும். வேற வெத கெடயாது. எங்கப்பா மொகத்துல நான் எப்படி முழிக்கறது? கடையத் தொறக்க முடியுமா முடியாதா?”

அவர் என் தோளில் கிடந்த பெல்ட்டை எடுத்து விரலால் அகலம் பார்த்தார்.

“எத்தன நாள் நாத்து?”

“பன்னெண்டு.”

“தண்ணி வெச்சு?”

“ரெண்டு நாளாச்சு.”

“சைக்கிள எடு” என்று கேரியரில் ஏறி உட்கார்ந்தார். ஊருக்கு வெளியே அவருடைய கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவருடைய இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். பாதி நாற்றங்கால் நனைந்திருந்தது. மறுபாதி வெடிப்பு விட்டுக் கிடந்தது. நேராகப் போய் இன்ஜினை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றினார். என் கையில் வைத்தபோது அது சுட்டது.

“சைஸு ஒண்ணுதான். போ, சீக்கிரம் போய் மாட்டு.”

“அப்ப உங்க நாத்து?”

“பாதி பாஞ்சிடுச்சுல்ல. மீதி ஒரு நாள் தாங்கும். தாங்கலன்னா போவுது.”

நியாயமாக நான் அப்போது அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. “இதுக்குக் கடையத் தொறந்து ஒரு பெல்ட்ட எடுத்துக் குடுத்திருக்கலாமே மொதலாளி! ரெண்டு நிமிஷ வேலை!”

“ரெண்டு நிமிஷந்தான்” என்றார். “ஆனா என் ஷட்டரத் தூக்கினா சத்தம் கடசிக் கடை வரைக்கும் கேக்கும். ஷட்டரே தொறந்துட்டான்டான்னு எதுத்தவன் தொறப்பான். அவன் தொறந்தா பக்கத்தவன் தொறப்பான். அடுத்த வாரம் ஒருத்தனும் மூட மாட்டான். அப்பறம் முருகேசன் புள்ளைக்குக் காது யாரு குத்துறது, நீயா?”

பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். எங்கள் நாற்று பிழைத்தது. திங்கட்கிழமை வந்த அப்பா பச்சையைப் பார்த்துவிட்டு, “பரவால்லியே” என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. அன்று காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்த ஷட்டர், முதல் வேலையாக மளிகைக்கடைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு புதுப் பெல்ட்டோடு தன் கொல்லைக்குப் போனாராம். வெடித்த பாதியில் கால்வாசி கருகிவிட்டதென்று பிற்பாடு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. அண்ணாச்சி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பூட்டையும் திருப்பித் தரவில்லை.

பிறகு ஏழு நாளும் திறக்கிற பெரிய கடை ஒன்று வந்தது. வாசலில் லைட் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். அவர் சொன்ன மாதிரியே எதிர்த்தவர் திறந்தார், பக்கத்தவர் திறந்தார், ஒருத்தரும் மூடவில்லை. ஷட்டருக்கு முட்டி வலி வந்து வீட்டோடு கிடந்ததும் அவர் மகனே ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தான். “இப்பல்லாம் அப்படி முடியாது சார், போட்டி” என்று என்னிடம் சொன்னான். எது முடியாது? அவர் ஒற்றைக் குடையை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் முடித்துக் காட்டினார்!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவர் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு எடுத்தார்கள். கடைத்தெரு வழியாக ஊர்வலம் வந்தது. சவம் போகும்போது கடையைச் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தாரை தப்பட்டை முன்னால் வர, ஒவ்வொரு ஷட்டராகக் கடகடவென்று இறங்கியது. நான் பின்னால் நடந்துகொண்டே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பாபநாசம் கடைத்தெரு முழுக்க மூடியிருந்தது. பார்க்க வேண்டியவர்தான் பார்க்கவில்லை. ஊர்வலம் முனை திரும்பியதோ இல்லையோ, அதே கடகட சத்தம் மேல்நோக்கிக் கேட்டது. பத்து நிமிஷம்! அந்த மனுஷனுக்கு இவர்கள் கொடுத்தது பத்தே நிமிஷம்! அங்கேயே நின்று ஒரு கத்துக் கத்தலாமா என்றிருந்தது.

எரிந்துகொண்டே சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதுதான் பார்த்தேன். மளிகைக்கடை மட்டும் திறக்கவில்லை. வாசல் படியில் அண்ணாச்சி, வயதானவர், சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஷட்டரில் அந்தப் பழைய அமுக்குப் பூட்டு தொங்குகிறது.

“என்ன அண்ணாச்சி, தொறக்கலயா?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாவி உள்ள மாட்டிக்கிச்சு தம்பி. இன்னிக்கு எப்படி எடுக்கறது? நாளைக்குத்தான் பாக்கணும்.”

வரும்போது அரை கிலோ சர்க்கரை வாங்கி வரச் சொல்லியிருந்தாள் என் மனைவி. எதிர்க்கடை திறந்துதான் இருந்தது. மறுநாள் காலை சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டு, எட்டு மணிக்கு அண்ணாச்சி கடைக்குப் போய் வாங்கிக்கொண்டேன்.