ஏன்போறேவும் வெள்ளிமலை சாயங்கால பஸ்ஸும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு வருஷ காலம் யாருடைய பயணமும் உருப்படாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. ஊர் வைத்த பெயர் 'ஏன்போறே'.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். வெள்ளிமலை பஸ்ஸில் ஏன் இத்தனை நெரிசல், அதைக் குறைக்க என்ன வழி என்று ஆராய, சென்னையில் ஏதோ ஓர் ஆபீஸ் இவரை அனுப்பி வைத்திருந்தது. திருநாவலூர்க்காரர். கல்யாணம் ஆகவில்லை. சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். பஸ்ஸில் ஏறப் போகிறவரை வழி மறித்து, "ஏன் போறீங்க?" என்று கேட்பதுதான் உத்தியோகம். அவர் மரியாதையாகத்தான் கேட்பார். பெயர் வைத்த ஊருக்குத்தான் அந்த மரியாதை இல்லை.

பஸ் போதவில்லை என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். பஸ் போதும், ஜனங்கள்தான் ஒரே நேரத்தில் கிளம்பித் தொலைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. சந்தையில் பலாப்பழம் விற்றுவிட்டுத் திரும்பும் அம்மாளிடம், சந்தை இல்லாத நாளில் வரலாமே என்பார். ஒரு கல்யாண கோஷ்டியிடம், இன்றைக்கு மாப்பிள்ளை மட்டும் போகட்டும், மற்றவர்கள் நாளைக்குப் போனால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார். மாப்பிள்ளையின் மாமா கையை ஓங்கிவிட்டார். நான் நடுவில் புகுந்ததில் அந்த அடி என் முதுகில் விழுந்தது.

நாங்கள் இருவரும் ஒரே லாட்ஜில் ஒரே அறையில் இருந்தோம். மாடிக்கே ஒரு குளியலறைதான். அங்கேயும் காலை நெரிசலைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று ஆளுக்கொரு வேளை பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது மத்தியானம். அந்நேரம் நான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் என் சம்சாரம். புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் கள்ளக்குறிச்சியில் குமாஸ்தா, அவள் வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைக்குக் காலையில் ஒரு பஸ், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அதில் தொற்ற இடம் கிடைத்தால் மனைவி முகத்தைப் பார்க்கலாம். சாயங்காலம் இன்னொரு பஸ் விட்டு, ராத்திரி அது மலையிலேயே தங்கிக் காலையில் இறங்கினால் எனக்கும் குடும்பம் என்று ஒன்று இருக்கும். விடுவதா வேண்டாமா என்பது ஏன்போறே எழுதப் போகும் அறிக்கையில் இருந்தது. தினமும் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். போண்டாவைக் கடித்துக்கொண்டே என்னையும் கேட்டார்.

"நீங்க ஏன் சார் போறீங்க?"

"சம்சாரத்தப் பாக்கத்தான்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறா."

"அப்ப இது தவிர்க்கக்கூடிய பயணம்" என்று எழுதிக்கொண்டார். பாவி மனுஷன், இன்னொரு போண்டாவும் கேட்டார்.

அதைவிடப் பெரிய வினை வேறு இருந்தது. எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பது அபசகுனம். கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். அதற்குள் பஸ் மலையேறியிருக்கும். இவர் கேட்கக் கேட்க ஜனங்கள் திரும்பிப் போனார்கள். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. இது உங்கள் வாயால் வந்த வினை என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன்.

"எங்கன்னு தான சார் கேக்கக் கூடாது? நான் ஏன்னுதான கேக்கறேன்" என்றார் நிதானமாக. "ஜனங்க திருந்திக்கினு வராங்க. சாயங்கால பஸ்ஸே தேவப்படாது, பாருங்க."

மறுநாளிலிருந்து நான் போண்டாவை இரட்டிப்பாக்கினேன்.

அப்போதுதான் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் மொத்தமாக நின்றது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்க, ஏன்போறே துள்ளிக் குதித்தார். பஸ்ஸே இல்லாத நாளில் யார் கிளம்புகிறார் என்று பார்க்க வேண்டுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாடகை சைக்கிளில் மலைக்குக் கிளம்பியதும், பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழியில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் மேல் போராட்டக்காரப் பையன்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் இவர் இறங்கிப் போய், நீங்கள் எந்த ஊர், இங்கே எப்படி வந்தீர்கள் என்று ஆரம்பித்துவிட்டார். சிஐடி என்று நினைத்து மஃப்ளரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நீ பஸ் ஸ்டாண்டு ஆளு தான? எங்க அக்காவ மலையில குடுத்துக்கீது. கொழந்த பொறந்து மாசமாவுது. பாக்கறதுக்கு எங்கம்மா கெளம்பறப்பல்லாம் நீ கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பிச்சிட்ட. வூட்டுல அழுதுக்கினு கெடக்குது."

ஏன்போறே அந்தப் புளியமரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பையன்களுக்கே பாவமாகப் போய், எங்கள் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு மலைச் சாலையில் நடந்தோம். மேலே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. கதவைத் திறந்த என் மனைவி எங்கள் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ரோடெல்லாம் மரம் கெடக்குதாம். இந்த நேரத்துல ஏன் வந்தீங்க?"

மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன்போறேதான் பதில் சொன்னார்.

"உன்னப் பாக்கணும்னு தோணிச்சி, வந்துட்டாரும்மா. அதுக்கு மேல இன்னா காரணம் வேணும்?"

அவள் போட்ட சாமைச் சோற்றை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வந்து அறிக்கையை முதலிலிருந்து எழுதினார். தண்ணீர் குடித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்துப் பயணிகள் கணக்கில் சேர்த்தார்.

சாயங்கால பஸ் வந்தேவிட்டது. முதல் நாள் வாழை மரம் கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளப்பினார்கள். கூட்டத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தோம். ஏன்போறே மட்டும் கீழே நின்று, ஏறுகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து மறுநாள் அவர் சென்னைக்குத் திரும்புவதாக இருந்தது. வாங்க சார் என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"எடம் தேவப்படறவங்க போவட்டும் சார். எனக்கு மலை மேல யாரு கீறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரு கீறோம் இல்ல? ஏறுங்க சார்" என்று கையை நீட்டினேன்.